யானையைப் பார்த்தவர்கள் பட்டியல்

கொடைக்கானலில் ஐப்பசி மாதத்துக் காகிதத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. நனைந்த நாய்க்குட்டியையும் உடைந்த பிஸ்கட்டையும் ஒரே பையில் போட்டு வைத்தால் வருமே, அந்த வாசனை. மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மலைமூட்டம் ஜன்னல் வழியாக வகுப்பறைக்குள் ஏறி, முதல் பெஞ்சுக்காரர்களை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசிப் பெஞ்சுக்கு வந்து என் நோட்டின் மேல் உட்காரும். தாள் நமத்துப்போன அப்பளமாகிவிடும். அதில் மைப்பேனாவை ஊன்றினால் எழுத்து வைத்த இடத்தில் நிற்காது, கால் முளைத்துப் பக்கத்து எழுத்தின் வீட்டுக்குப் போய்விடும். ஒன்பதாம் வகுப்பில் நான் 'யானை' என்று எழுதிய இடமெல்லாம் மறுநாள் காலையில் உண்மையிலேயே ஒரு சிறு யானை அளவுக்கு ஊதிக் கிடந்தது.

யானையைப் பற்றி எழுதச் சொன்னது யாருமில்லை, நானாகத்தான் போய் மாட்டிக்கொண்டேன். எங்கள் சமூக அறிவியல் டீச்சர் ஜெசிந்தா, மலைக்குக் கீழே அய்யம்பாளையத்திலிருந்து வந்தவர். எங்கள் குளிரைக் கடைசிவரை ஒரு தனிப்பட்ட அவமானமாகவே எடுத்துக்கொண்டவர். இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் மப்ளர், அதன்மேல் புடவைத் தலைப்பு. எங்களுக்குப் பாடம் நடத்தியது ஒரு மூக்கும் ஒரு மூக்குக்கண்ணாடியும்தான். அந்த மூக்கு ஒருநாள், ஆளுக்கொரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும், நன்றாக இருக்கும் கட்டுரை திண்டுக்கல்லில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும் என்று அறிவித்தது. மற்றவர்கள் ஏரியையும் தூண் பாறையையும் குறிஞ்சிப் பூவையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதற்கெல்லாம் நூலகத்தில் புத்தகம் இருந்தது. நான் விடுதியில் தங்கிப் படித்த பேத்துப்பாறைக்காரி. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊருக்கு யானை வரும் என்பது மட்டும்தான். எனவே 'பேத்துப்பாறைக்கு யானை ஏன் வருகிறது?' என்று தலைப்பிட்டு, நான்கு பக்கம் எழுதி, பெருமையோடு நீட்டினேன்.

நோட்டு திரும்பி வந்தபோது அதற்கு அம்மை போட்டிருந்தது. ஓரமெங்கும் சிவப்பு மையில் ஒரே கேள்வி. 'யானை மிகப் பெரிய விலங்கு' என்ற வரிக்கு எதிரே: யார் சொன்னது? 'அது வாழையை விரும்பி உண்ணும்': யார் சொன்னது? 'எங்கள் ஊர் மிக அழகான ஊர்': யார் சொன்னது?

"சொன்னவங்க பேரைச் சொல்லாம எழுதுறது, அடுத்த வீட்டுக் கோழியப் புடிச்சாந்து நம்ம கூடையில கவுத்துற மாதிரி," என்றார் ஜெசிந்தா டீச்சர். புத்தகத்திலிருந்து எடுத்தால் எழுதியவர் பெயர், புத்தகத்தின் பெயர், ஆண்டு, பக்கம். ஆளிடமிருந்து கேட்டால் அவர் பெயர், ஊர், தொழில், கேட்ட நாள். எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்தில் அகரவரிசையில் அடுக்க வேண்டும். நூலகத்தில் யானைக்கென்று இருந்தது ஒரே ஒரு ஆங்கிலப் படப்புத்தகம். அது ஆப்பிரிக்க யானையைப் பற்றியது, அதிலும் நடுவிலிருந்த பத்துப் பக்கங்களை ஈரம் ஒட்டி ஒரே அட்டையாக்கிவிட்டிருந்தது. ஆகவே ஆட்களிடம் போனேன்.

ஆட்களுக்குக் குறைவில்லை. அந்தப் புரட்டாசியில்தான் வேலுச்சாமி மாமாவின் வாழைத்தோட்டத்துக்கு ஒற்றை யானை ஒன்று விடியற்காலையில் வந்து போயிருந்தது. வேலுச்சாமி மாமா என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். நான் விடுதியிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது, மாமா எங்கள் வீட்டு வாசலில் யானையாகவும் வாழையாகவும் தானாகவும் மாறி மாறி நடித்துக்கொண்டிருந்தார். ஏழு வாழையை முறித்துத் தின்றுவிட்டு, அது தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மைத் தும்பிக்கையால் தூக்கி, ஒரு மரக்கட்டையின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனதாம். "எப்படி இருந்துச்சு தெரியுமா? மழைக்குப் படங்குச் சாக்கத் தலையில போட்டுக்கிட்டு தேயிலை கிள்ளுற ஒரு கொழுந்துக்காரி குனிஞ்சு நிக்கிறாப்ல இருந்துச்சு." போவதற்கு முன்னால் யானை திரும்பி மாமாவை மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்தது, ஒரு கும்பிடும் போட்டது. உள்ளேயிருந்து அம்மா, "அது திரும்பல, பக்கத்தாலதான் போச்சு," என்றாள். அம்மா எதற்கும் ஒரு திருத்தம் சொல்வாள் என்பதால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் இரண்டு வாரம் ஊரைச் சல்லடை போட்டேன். யானை வந்ததைச் சொல்ல ஐந்து பேர் கிடைத்தார்கள். டீக்கடை அந்தோணி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். ஜீப் ஓட்டும் கருப்பையா ஹாரன் சத்தத்தோடு சொன்னார். எல்லோரும் யானையைவிடப் பெரிதாகச் சொன்னார்கள், எல்லோரும் தங்கள் பெயரைச் சரியாக எழுதிக்கொண்டேனா என்று எட்டிப் பார்த்தார்கள். நான் விதிப்படி பட்டியல் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டில் இன்னொரு பட்டியலும் தயாராகியிருந்தது. அக்காவுக்குக் கார்த்திகையில் கல்யாணம். பத்திரிகை அச்சாகி, மஞ்சள் தடவி, கட்டுக் கட்டாகக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் பத்திரிகையைக் கையில் வாங்கியவர் மாப்பிள்ளை யாரென்று பார்க்க மாட்டார். முதலில் தன் பெயரைத் தேடுவார், அடுத்து தனக்கு மேலே யார் பெயர் இருக்கிறதென்று பார்ப்பார், பத்து வருடம் பேசாமலிருக்க வேண்டிய ஆள் யாரென்று அங்கேயே முடிவு செய்துவிடுவார். அதில் தாய்மாமன் பெயரை எங்கே, எந்த அளவு எழுத்தில் போடுவது என்பதற்காக அப்பா வத்தலக்குண்டு அச்சகத்துக்கு மூன்று தடவை மலையிறங்கி ஏறியிருந்தார். இவ்வளவையும் கண்ணால் பார்த்த நான், அந்தச் சனிக்கிழமை, அப்பாவும் மாமாவும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது என் கடைசிப் பக்கத்தை உரக்க வாசித்தேன். அறிவு வேறு, படிப்பு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

"அந்தோணி, டீக்கடை. கருப்பையா, ஜீப் ஓட்டுநர். சவரிமுத்து, வனக்காவலர். பெருமாள், விவசாயி. வேலுச்சாமி, விவசாயி."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"மொதல்ல யாரு?"

"அந்தோணி, மாமா."

"கடைசில?"

"நீங்க."

"யானை அந்தோணி தோட்டத்துக்கா வந்துச்சு?"

"இல்ல மாமா, இது அகரவரிசை. 'வ' கடைசிலதான் வரும்."

"பத்திரிகையில அப்படியா போட்டிருக்கு?"

அப்பா டீ நன்றாக இருப்பதாகச் சொன்னார். அது யாருக்கும் உதவவில்லை.

"என்னைய அரைப்பேராக்கிட்டியேத்தா," என்றார் மாமா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் முழுநாள் வேலை செய்தால் ஒரு பேர். பாதியில் அனுப்பிவிட்டால் அரைப்பேர், அரைச் சம்பளம். மாமாவும் அம்மாவும் அங்கே லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்து வளர்ந்து, இளவட்டமாக இருக்கும்போது இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்டவர்கள். கோபம் வந்தால் இருவருக்கும் அந்தத் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும். மாமா செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். "கல்யாணத்துக்கு மாலையத் தூக்க அந்தோணியக் கூப்புட்டுக்கங்க. அவருதான மொத ஆளு."

எல்லோரும் சிரித்திருக்க வேண்டிய பேச்சு அது. யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் மாமா அதன்பிறகு வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை, இரண்டு வாரம் வரவில்லை. அத்தை மட்டும் வந்து, "அந்தாளு மோட்டுவளையப் பாத்துப் படுத்துக் கெடக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். தாய்மாமன் மாலை எடுத்துத் தராமல் எங்களில் எந்தப் பெண்ணும் மணவறைக்கு வந்ததில்லை. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். யானையிடம்கூட அவளுக்குக் கோபமில்லை, என்னிடம்தான். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்க மாமாவுக்கு லிஸ்ட்டுன்னாலே ஆகாது. அங்கருந்து எங்களை அனுப்புறப்ப, அப்பா, அம்மா, நானு, எல்லாப் பேரும் ஒரே அட்டையில வந்துச்சு. அண்ணனுக்கு வயசு கூடிப்போச்சுன்னு தனி அட்டை. கப்பலுக்கு நாங்க போயிட்டோம். அது ஒரு வருசத்துக்கு மேல லயத்துல ஒத்தையா கெடந்துச்சு. நீ வேற கடைசில போட்டு வச்சிருக்க."

திங்கட்கிழமை நான் ஜெசிந்தா டீச்சர் முன்னால் போய் நின்றேன். மாமாவை முதலில் போடலாமா டீச்சர்?

"ஒங்க மாமாவுக்காக அ, ஆவன்னாவ மாத்திர முடியாதும்மா," என்றது மப்ளர். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "கடைசில இருக்குறதுதான் கஷ்டம்னா, வையாபுரின்னு யாராச்சும் யானையப் பாத்திருக்காங்களான்னு விசாரி. அவரு ஒங்க மாமாவுக்குப் பின்னாடி வந்துருவாரு."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அந்தச் சனிக்கிழமை உண்மையிலேயே வையாபுரியைத் தேடிப் போனேன். ஒருவர் இருந்தார், காப்பித் தோட்டத்துக் காவலாளி. அவர் யானையைப் பார்த்ததில்லை என்றார். பார்க்க விருப்பமும் இல்லை என்றார்.

அதற்கடுத்த வாரம் நோட்டு மறுபடி சிவந்து வந்தது. இந்த முறை 'யார் சொன்னது?' இல்லை. ஐந்து பேர் சொன்னதிலும் ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தது: 'படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்துக்காரி நிற்பதைப் போல'. அந்தோணியும் அதையே சொல்லியிருந்தார், வனக்காவலரும் அதையே. நான் எழுதும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. டீச்சர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அந்தோணி எந்த ஊரு?"

"கொடைக்கானல்தான் டீச்சர், பொறந்ததுலருந்து."

"கொழுந்துக்காரிய எங்க பாத்தாரு அவரு? ஒங்க ஊருல காப்பி இருக்கு, வாழை இருக்கு. தேயிலை இருக்கா?"

இல்லை. சவரிமுத்துவோ கிளாவரைக்காரர், அவர் பார்த்ததெல்லாம் பூண்டும் உருளைக்கிழங்கும்தான். ஐந்து பேரும் ஒரே யானையைப் பார்த்திருக்கலாம், ஆனால் ஐந்து பேருக்கும் ஒரே உவமை தோன்றாது. ஒருவர் பார்த்திருக்கிறார், மற்ற நால்வரும் அவர் வாயைப் பார்த்திருக்கிறார்கள். "பாத்தவரு பேரு மட்டும் மேல வரட்டும். அவருக்கு அகரவரிசை கெடையாது. மத்தவங்களத் தனியா கீழ போடு," என்றார் டீச்சர்.

எனக்கு மஞ்சுக்குள் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர், தோட்டத்துக்குச் சொந்தக்காரர், மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்தவர்: மாமாதான். மாமா முதலில், தனியாக, எல்லோருக்கும் மேலே. அந்தோணி கீழே, கேட்டுச் சொன்னவர்களோடு. விடுதி அம்மாவிடம் கெஞ்சி ஒருநாள் விடுப்பு வாங்கி, வெள்ளனே கிளம்பும் பஸ்ஸில் ஏறி, வளைவுக்கு வளைவு மனசுக்குள் மாமாவுக்கு மாலை போட்டுக்கொண்டே வந்தேன். மாமா அவரைக் கொடிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கம்போடு பேச ஆரம்பித்தார்.

"மாமா, டீச்சர் சொல்லிட்டாங்க. யானையப் பாத்த ஆளுதான் மொதல்ல. நீங்கதான் மாமா மொத ஆளு. அந்தோணி கீழ போயிட்டாரு."

மாமா நோட்டை வாங்கி, எழுத்துக்கூட்டி அந்தப் பக்கத்தைப் படித்தார். 'பார்த்தவர்' என்று நான் எழுதி, பெயருக்காக இடம் விட்டிருந்தேன். ஒரு ஆமாம் சொன்னால் போதும். எனக்குக் கட்டுரை, அக்காவுக்குக் கல்யாணம், அவருக்கு ஊரறிய முதலிடம். அவர் நோட்டை இன்னும் கிட்டே பிடித்தார். கையிலிருந்த ஈரமண் தாளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"நான் பாக்கலத்தா," என்றார்.

"என்ன மாமா?"

"அன்னிக்கு ஒட்டன்சத்திரம் சந்தையில பீன்ஸ் போட்டுட்டு லாரிக்குக் காத்துக் கெடந்தேன். ஒங்க அத்தையும் அவ ஊருக்குப் போயிருந்தா. ஒங்கம்மாதான் வெள்ளனே ஆட்ட அவுத்துவிட வந்துச்சு. அதுதான் பாத்துச்சு. திரும்பி வந்ததும் எங்கிட்ட சொல்லிச்சு. நான் டீக்கடையில சொன்னேன்."

"கும்பிடு போட்டுச்சுன்னு சொன்னீங்களே."

"அது நம்ம சரக்கு." கம்பை ஆட்டிப் பார்த்தார். "டீக்கடையில சொல்றது வேறத்தா. லிஸ்ட்டு வேற. லிஸ்ட்டுல இல்லாதத எழுதப்படாது."

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் ஊரெல்லாம் அலைந்த நான், என் தட்டில் சோறு போட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மா நிமிராமலே சொன்னாள், அந்த உவமைக்கு வேண்டிய அத்தனை கொழுந்துக்காரிகளையும் மழையில் பார்த்திருந்தவள்: "ஆமா, நான்தான் பாத்தேன். அதுக்கென்ன இப்ப?"

"ஒம் பேரப் போடணும்."

"என் பேரெல்லாம் வேணாம்."

"மொதப் பேரும்மா."

"மொதப் பேரும் வேணாம், கடைசிப் பேரும் வேணாம். பேரெழுதிக் குடுத்ததுக்குத்தான் பொறந்த எடத்தவுட்டு ஏத்தி அனுப்புனாங்க. இப்ப திண்டுக்கல்லுக்கு எழுதிக் குடுத்தா, அவன் எங்க அனுப்புவானோ."

இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு என்று சொன்னேன். அரசாங்கம் இதைப் படிக்காது என்று சொன்னேன். ஜெசிந்தா டீச்சரின் கோழியைப் பற்றிச் சொன்னேன். கோழி வேண்டுமானால் அடித்துக் குழம்பு வைக்கிறேன், பெயர் கிடையாது என்றாள். நான் அழுதுகொண்டே மறுபடி தோட்டத்துக்குப் போய் மாமாவிடம் முறையிட்டேன்: நீங்க பாக்கலங்கறீங்க, பாத்தவங்க பேரு வேணாங்கறாங்க, இப்ப யானை வந்துச்சா வரலையா?

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரக் கோபத்துக்குள்ளிருந்து அது வர வேண்டியிருந்ததால் முதலில் இருமல் மாதிரி கேட்டது. கம்பைப் போட்டுவிட்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருந்தவர், அந்தப் படியை மறந்து, நேரே அடுப்படி வரைக்கும் போய் நின்றார்.

"ஏ மாரி. எதுக்குப் புள்ளைய அலைக்கழிக்கிற?"

"நீ வந்துட்டியாக்கும்," என்றாள் அம்மா. கரிக்கையால் முகத்தைத் துடைத்ததில் மூக்கு கறுத்துவிட்டது.

"இந்த லிஸ்ட்டுல பேரு போட்டா ஒன்னைய எவனும் கப்பல்ல ஏத்த மாட்டான். திண்டுக்கல்லுக்குக் கப்பல் கெடையாது. நான் சொல்றேன்ல, போடச் சொல்லு."

அம்மா ஏற்கெனவே விளக்கிய ஒரு சட்டியை எடுத்து மறுபடி விளக்கினாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணன் பேரையும் சேத்துப் போட்டா எம் பேரப் போடு. ஒத்தையா போடாத. அந்தத் தடவதான் எங்க ரெண்டு பேரையும் பிரிச்சுப் போட்டாங்க."

மாமா வாசல் பக்கம் திரும்பி மழை வருமா என்று பார்த்தார். வானம் வெளுத்திருந்தது.

பொய்யில்லாமல் இருவரையும் சேர்த்துப் போட எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கடைசியில் அடிக்குறிப்பு இப்படி அமைந்தது: 'யானையைப் பார்த்தவர் மாரியாயி, பேத்துப்பாறை. அவரிடமிருந்து இதை முதலில் கேட்டவர் வேலுச்சாமி, பேத்துப்பாறை. இவர் அவருடைய அண்ணன்; என் தாய்மாமன். இருவரும் சுப்பையாவின் மக்கள்.' ஜெசிந்தா டீச்சர் 'என் தாய்மாமன்' என்பதை மட்டும் சிவப்பு மையால் அடித்து, 'தேவையில்லை' என்று எழுதினார். மாமாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. இன்னொரு மூன்று வாரக் கோபத்துக்கு எங்கள் வீட்டில் நாள் இல்லை. தொழில் என்ற இடத்தில் அம்மாவுக்கு 'கூலி வேலை' என்றும் மாமாவுக்கு 'விவசாயி' என்றும் எழுதினேன். மாமா அதைப் பார்த்து, முப்பது சென்ட் வாழைக்கு விவசாயி கொஞ்சம் கூடுதல்தான், இருந்தாலும் இருக்கட்டும் என்றார்.

கல்யாணத்தன்று அவர் மாலைத் தாம்பாளத்தோடு முதல் ஆளாக வந்து நின்றார். தாலி கட்டி முடிந்த பந்தியில், மலைக்குளிருக்குப் பயந்து மணவறைச் சால்வையையே வாங்கிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெசிந்தா டீச்சருக்குப் பக்கத்தில் போய், யானை கும்பிடு போட்ட கதையை முழுதாகச் சொன்னார். டீச்சர் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, யார் சொன்னது என்று கேட்டார். "எந்தங்கச்சி சொன்னது பாதி. நான் சொன்னது மீதி," என்றார் மாமா.

இப்போது எங்கள் ஊரில் யானை வந்தால், கைப்பேசிக் குழுவில் அடுத்த நிமிடம் படம் வந்துவிடுகிறது. யார் எடுத்தது, எங்கே எடுத்தது, ஒருவருக்கும் தெரியாது. போன மாதம் வந்த 'பேத்துப்பாறை யானை'க்குப் பின்னால், எங்கள் குளிரில் வளராத தென்னை வரிசையாக நின்றது. மாமாவின் வாழைத்தோட்டம் இருந்த சரிவில் சுற்றுலாக்காரர்களுக்கான மரவீடுகள் வந்து, யானை போகும் தடத்தில் மின்வேலி ஓடுகிறது. திண்டுக்கல்லுக்குப் போன நோட்டு ஆறுதல் பரிசு வாங்கியதாகச் சொன்னார்கள். நோட்டு மட்டும் திரும்பி வரவில்லை. கப்பலேறக் கொடுத்த அம்மாவின் அட்டையில் மாமா இல்லை, மாமாவின் அட்டையில் வேறு யாருமே இல்லை. அவர்கள் இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எழுதப்பட்ட தாள், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

மாமா இறந்து நான்கு வருடமாகிறது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், மற்றபடி திருத்தம் சொல்வது குறையவில்லை. போன விடுமுறையில் அக்காவின் பேரப்பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து யானைக் கதை கேட்டார்கள். நான் பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். ஏழு வாழையைச் சொன்னாள், நீல டிரம்மைச் சொன்னாள், படங்கு போட்ட கொழுந்துக்காரியைச் சொன்னாள். போகும்போது யானை நின்று, திரும்பி, தும்பிக்கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டது என்றாள். சின்னவன், "நீ பாத்தியா ஆச்சி?" என்று கேட்டான்.

நான் பேனாவை நிறுத்தினேன்.

"நான் எங்கடா பாத்தேன்," என்றாள் அம்மா. "எங்க அண்ணன்தான் பாத்துச்சு."